வெள்ளி முனையும் டியூப் வாஷரும்

எங்கள் வீட்டில் எந்த டப்பாவையும் சும்மா திறந்துவிட முடியாது. முதலில் அதன் மேல் சுற்றியிருக்கும் சைக்கிள் டியூப் வாரை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் மூடிக்கு அடியில் அதே டியூபில் வட்டமாக வெட்டிப் பதித்த ஒரு வாஷர் இருக்கும். அதையும் நகத்தால் நெம்பினால்தான் துவரம்பருப்பு கண்ணில் படும். எல்லாம் என் கணவரின் கைவேலை. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அவர் எலக்ட்ரீஷியன். பஞ்சர் கடைகளில் இனி ஒட்டவே முடியாது என்று கழித்துப் போட்ட டியூபுகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவார். மோட்டார் பைப், குடைக் கம்பு, கேஸ் அடுப்பின் ஆடும் கால், என் கைப்பையின் அறுந்த காது, எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு வார் இருக்கும்.

அதற்கு நியாயமும் இருந்தது. அரியலூரில் குடியிருந்தவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையைத் தாண்டினால், கொடியில் காயும் கறுப்புப் பாவாடை சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியோடு இவர் தனியாளாக ஒரு சண்டை நடத்திக்கொண்டிருந்தார். ஜெயித்தாரா என்று கேட்டால், பருப்பு டப்பாக்கள் வரை ஜெயித்தார்.

பேச்சு மட்டும் அவருக்குக் கணக்காகத்தான் வரும். எங்களோடு இருந்த என் நாத்தனார், வாசல் அறையில் தையல் மிஷின் போட்டிருந்தவள், சொல்லுவாள்: "எங்கண்ணன் வாய்க்கும் சேத்து வாஷர் போட்டுருக்கு அண்ணி. நீங்கதான் நெம்பணும்."

நான் பெரம்பலூருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். தினமும் அரியலூரிலிருந்து பஸ். இடையில் அரசாங்கம் எங்கள் இரண்டு ஊர்களையும் தனித்தனி மாவட்டமாகப் பிரித்தது, சேர்த்தது, மறுபடி பிரித்தது. பஸ் மட்டும் அதே பஸ், ஜன்னலும் அதே ஏறாத ஜன்னல். வகுப்பு முடிந்தபிறகு, கல்லூரியின் பின்கட்டில் இருந்த பழைய வெற்றிடப் பூச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, உள்ளே வெள்ளியை ஆவியாக்கி, வேண்டிய பொருளின் மேல் மெல்லிசாகப் படியவைக்கிற இயந்திரம் அது. பெரிய நிறுவனம் ஒன்று போதும் என்று கைகழுவியதை எங்கள் கல்லூரி தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதன் பம்பு போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியாது என்று ஒரு கணக்கு வாத்தியார் என்னோடு பேசுவதையே விட்டிருந்தார்.

நான் செய்தது முனைகள். அரிசி நொய் அளவுக்கு ஒரு சிலிக்கான் துண்டு; அதன் ஓரத்தில் மயிரிழை போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு; நாக்கின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர். அந்தக் கூரின் மேல் வெள்ளி பூச வேண்டும். பூசியதைச் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தில் இருந்த கருவியில் மாட்டி, அதன் நுனியில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளி அந்த வெள்ளி நுனியில் திரண்டு நிற்கும். நுனிக்கு நேர் கீழே எந்த மூலக்கூறு இருக்கிறதோ அது ஒளியைக் கொஞ்சம் நிறம் மாற்றித் திருப்பி அனுப்பும். இந்த நிறமாற்றத்துக்குத்தான் ராமன் சிதறல் என்று பெயர். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மாற்றம் வேறுவேறு. அதை வைத்து, எந்த இடத்தில் எது இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகப் படம் வரையலாம்.

நாத்தனாரிடம் இதை இப்படிச் சொன்னேன்: "சந்தைக்கு வெளியில நின்னு கேட்டா வெறும் இரைச்சல்தான் கேக்கும். உள்ள போயி ஒவ்வொருத்தர் வாய்கிட்டயும் காதக் கொடுத்தா, யாரு என்ன சொல்றாங்கன்னு தெரியும்ல? அந்தக் காதுதான் என் முனை."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"பாதி சந்தை சுத்துறதுக்குள்ள காது அடைச்சுப்போவுது."

அதுதான் கஷ்டம். முழுப் படம் ஒன்றுக்குக் காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகும். என் முனைகள் மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரைகூடத் தாங்கவில்லை. கண்ணாடி மேல் தெளித்த நீலச் சாயத்தைத்தான் படம் பிடித்தேன். மேல் கால்வாசியில் சாயத் திட்டுகள் அழகாகத் தெரியும். அதற்குக் கீழே மங்கும். அப்புறம் கறுப்பு. அப்படி மேல்பகுதி மட்டும் தெரிகிற அரைகுறைப் படங்கள் என்னிடம் ஒரு கட்டு சேர்ந்திருந்தன. எனக்கு வேண்டியது ஒரே ஒரு முழுப் படம். அது இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை.

முனை ஏன் சாகிறது என்பதற்குப் பொதுவான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மேற்பரப்பில் உரசி உரசி வெள்ளி தேயும். லேசர் சூட்டில் நுனி மழுங்கும். காற்றில் இருக்கிற கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். ஆனால் சென்னையிலேயே பூச்சு போட்டு அங்கேயே பயன்படுத்தியவர்களின் முனைகள் என்னுடையதைவிடத் தாங்கின. அவர்களுக்கும் அதே காற்று, அதே லேசர், அதே உரசல்தான். இந்த ஒரு விஷயம் என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று என் அம்மா சொல்லுவாள். முதலில் வெள்ளிக் கம்பி விற்ற கடைக்காரரைத் திட்டினேன். பிறகு பம்பு எண்ணெயை மாற்றவில்லை என்று கல்லூரி லேப் அட்டெண்டரைத் திட்டினேன். சென்னைக் கடற்காற்றைத் திட்டினேன். அங்கே கருவியைப் பார்த்துக்கொண்ட சாரையும் விடவில்லை. அவர் முனையை இறக்கும்போது மோதவிடுகிறார் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். நிதானமான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மேடம், முனை என் கைக்கு வரும்போதே களைச்சுப் போய் வருது. வழியில என்னதான் பண்றீங்க?" என்றார். நான் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டேன்.

வழியில் என்ன செய்தேன் என்றால், பத்திரமாகக் கொண்டுபோனேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை பஸ்ஸில் நேரே போகலாம். ஆனால் அந்தக் குலுக்கல் முனைக்கு ஆகாது, வீட்டில் இருக்கும் என் கைக்குழந்தையைப் பார்க்காமல் அப்படியே போகவும் மனம் வராது. அதனால் பூச்சு முடிந்ததும் முனைகளை ஒரு சிறு எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு அரியலூர் வருவேன். இரவு வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ரயிலில் சென்னை. ஆரம்பத்தில் சம்படத்தைச் செலோடேப் ஒட்டித்தான் மூடினேன். ஒரு தடவை வெயிலில் டேப் உரிந்து, உள்ளே போன சுண்ணாம்புத் தூசி முனைகள் மேல் மாவு சலித்த மாதிரி படிந்துவிட்டது. அன்று நான் அழுததை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாளே சம்படத்தின் மூடிக்கு அளவெடுத்து ஒரு வாஷர் தயாராகியிருந்தது. புது டியூபில். பருப்பு டப்பாவுக்கெல்லாம் கழித்த டியூப்தான். என் சம்படத்துக்கு மட்டும் கடையில் போய்ப் புதிது வாங்கி வந்திருந்தார். வெளியே இரண்டு சுற்று வார். ஒவ்வொரு தடவையும் நான் சென்னைக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மூடியை அழுத்திப் பார்த்து, வாரை இழுத்து முடிச்சுப் போட்டு என் கையில் கொடுப்பார். "இனி காத்துகூட உள்ள போவாது" என்பார். எனக்கு அந்த முடிச்சைப் பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருக்கும். பூவும் புடவையும் வாங்கித் தரத் தெரியாத மனிதர். என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த வாரில் இழுத்துக் கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

இடையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளி மேல் மிக மெல்லிசாக அலுமினியம் ஒரு பூச்சுப் போட்டால், அது காற்றுப் பட்டதும் ஆக்சைடாக மாறி வெள்ளிக்கு ஒரு போர்வை மாதிரி இருக்கும். முதல் தடவை போர்வை கனத்துவிட்டது. காது பத்திரமாக இருந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மெல்லிசாக்கினேன். இன்னும் மெல்லிசாக்கினேன். கடைசியில் ஒரு அளவு பிடிபட்டது. படம் கால்வாசியிலிருந்து பாதியை நெருங்கியது. அதற்குமேல் நகர மறுத்தது. அந்தச் சமயத்தில்தான் சென்னை சார் போன் செய்தார். கருவியை வேறொரு குழுவுக்கு மாற்றுகிறார்கள் என்றும், எனக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றும் சொன்னார். "அடுத்த மாசம் கடைசி வாரம். அதுக்கப்புறம் என் கையில இல்ல மேடம்." இந்தத் தடவை நான் அவரைத் திட்டவில்லை. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்த மாதத்தின் நடுவில் மகளுக்குக் காதுகுத்து. என் கணவர் வீட்டுக் குலதெய்வம் ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குள் இருக்கிறது. காலையில் வேன் வந்து நிற்கிறது; பீரோவிலிருந்து குழந்தையின் வெள்ளிக் கொலுசை எடுக்கச் சொன்னேன். பிறந்தபோது என் அண்ணன் போட்டது. குழந்தை அதைக் கழற்றி வாயில் வைக்கிறாள் என்று எடுத்துவைத்தது என் கணவர்தான். அதுவும் ஒரு சம்படத்தில்தான் இருந்தது. அதற்கும் ஒரு வாஷர், ஒரு வார்.

திறந்தால் கொலுசு இரும்புச் சங்கிலி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும் அண்ணி" என்று நாத்தனார் விபூதியை எடுத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள். நான் குங்குமம் வைத்துக்கொள்ளச் சாமி அலமாரிப் பக்கம் திரும்பினேன். அங்கே வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தது. அதே அண்ணன், அதே நாளில், அதே கடையில் கொலுசோடு சேர்த்து வாங்கியது. திறந்த அலமாரியில், ஊதுபத்திப் புகையிலும் லாரித் தூசியிலும் வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

வேனில் ஏறியும் எனக்கு அதே நினைப்பு. திறந்து கிடந்தது பிழைத்திருக்கிறது. மூடி வைத்தது கறுத்திருக்கிறது. தோப்பில் வேன் நின்றது. மொட்டை போட்டார்கள். அண்ணன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. எல்லோரும் "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று கத்துகிறார்கள். நான் குழந்தையின் காலில் கிடந்த கொலுசைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விபூதி போகாத இடுக்குகளில் கறுப்பு இன்னும் இருந்தது. வாஷரை ஒட்டிக் கிடந்த பக்கம்தான் அதிகம்.

"ஏன்டி, புள்ள அழுவுது, நீ கொலுச ஆராய்ச்சி பண்றியா?" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவன் முறைத்தான்.

ரப்பரைச் சும்மா ரப்பராக விட்டால் அது வெயிலில் இளகி ஒட்டும். கந்தகத்தைக் கலந்து சூடாக்கித்தான் டியூப் ஆக்குகிறார்கள். இதை நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். வெயில் காலத்தில் அந்த டியூபிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தகம் ஆவியாகக் கசியும். திறந்த வெளி என்றால் காற்றோடு போய்விடும். காற்றுகூடப் போகாமல் இறுக்கி மூடிய எவர்சில்வர் சம்படத்துக்குள் அது எங்கே போகும்? பக்கத்தில் இருக்கிற வெள்ளிக்குத்தான் போகும். அதிலும் புது டியூப்.

திங்கட்கிழமை கல்லூரியில் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு ஒரே தடவையில் வெள்ளி பூசினேன். வீட்டுக்கு வந்து, ஒன்றை வாஷர் போட்ட சம்படத்திலும் இன்னொன்றை வாஷர் இல்லாத சம்படத்திலும் வைத்து மூடினேன். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து திறந்து பார்த்தேன். வாஷர் இல்லாததில் முகம் பார்க்கலாம். வாஷர் போட்டதில் வெள்ளி, ஆறின டீ நிறத்தில் பழுத்திருந்தது. கண்ணால் பார்க்கிற கனமான பூச்சுக்கே இந்தக் கதி என்றால், அந்தக் கூர் நுனிக்கு என்ன ஆகியிருக்கும்?

சந்தோஷத்தில் நான் ஒரு குதி குதித்தேன். ஓர் ஆராய்ச்சிக்காரிக்கு அதைவிட நல்ல சாயங்காலம் கிடையாது. குதித்து இறங்கும்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கத் தேடித்தேடித் திட்டினேன். நான் திட்டாமல் விட்ட ஒரே ஆள் அவர். கடைசியில் காரணம் அவருடைய வாஷர்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, இரண்டு கண்ணாடிகளையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"ஏங்க, முனை கெட்டுப்போறதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சுங்க. டியூபுல இருக்குற கந்தகம்."

அவர் பழுத்த கண்ணாடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த டியூபு?"

"நம்ம வாஷர்தாங்க."

அவர் சம்படத்திலிருந்து வாஷரை எடுத்து மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். "புதுசாச்சேன்னு வாங்குனேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டுவதற்கு இல்லை, அறுப்பதற்கு. வீட்டில் இருந்த அத்தனை வாரையும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, குடை, கேஸ் அடுப்பு, என் கைப்பை எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொல்லைப் பக்கம் வைத்துவிட்டார். அதன்பிறகு வீடு என்ன ஆனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுப்பு ஆடி ரசம் கொட்டியது. பருப்பில் சுண்ணாம்புத் தூசி. மோட்டார் போட்டால் பைப் கழன்று, துணி துவைத்துக்கொண்டிருந்த நாத்தனார் மேல் தண்ணீர் பீய்ச்சியது. அவள் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "அண்ணி, உங்க ஆராய்ச்சிய நிறுத்துறீங்களா, இல்ல நான் வூட்டவிட்டுப் போவட்டுமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "பருப்புக்கும் கந்தகத்துக்கும் என்னங்க சண்டை? அது வெள்ளிக்குத்தாங்க ஆவாது. மத்ததுக்கு நீங்க கட்டுனாத்தாங்க நிக்கும்."

"இருக்கட்டும்" என்றார்.

இந்த 'இருக்கட்டும்' எதையும் குறிக்கும். வேண்டாம், சரி, அப்புறம் பார்க்கலாம், என்னைத் தொந்தரவு செய்யாதே, எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தத் தடவை எது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் கால்வாசிப் படங்கள் அத்தனைக்கும் தன் கைதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முழுக்க அப்படி இல்லை என்று விளக்கினேன். உரசலும் லேசர் சூடும் பாதிக்குமேல் காரணம் என்றேன். கேட்டுக்கொண்டார். கத்தரிக்கோலைத் தொடவில்லை.

சென்னைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. முதல் நாள் பெரம்பலூரில் முனைகளுக்கு வெள்ளி பூசி, அதன்மேல் அளவு பிடிபட்ட அந்த அலுமினியப் போர்வையையும் போட்டு எடுத்து வந்தேன். சம்படத்தைச் சோடா உப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்திருந்தேன். முனைகளோடு குழந்தையின் கொலுசையும் தேய்த்துப் பளபளப்பாக்கி உள்ளே வைத்தேன். கொஞ்சநஞ்சம் கந்தகம் இருந்தால், இவ்வளவு பெரிய வெள்ளியைப் பார்த்துவிட்டு முனையை மறந்துவிடும் என்று ஒரு கணக்கு. வாஷர் இல்லாமல் மூடி லொடலொடவென்று ஆடியது.

"கட்டிக் குடுங்க" என்று அவரிடம் நீட்டினேன்.

"நீயே கட்டிக்கம்மா. என் கை வேணாம்."

வற்புறுத்தியிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூக்கட்டும் நூலை எடுத்து நானே சுற்றிக் கட்டினேன். எனக்குப் புத்தக மூட்டையே ஒழுங்காகக் கட்ட வராது. என் கட்டை அவர் ஓரக்கண்ணால் பார்த்ததை நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

காலையில் வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். பிளாட்பாரத்தில் நின்றோம். சரக்கு ரயில் ஒன்று, அரைத்தால் சிமெண்ட் ஆகிற கிளிங்கர் கட்டிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த தண்டவாளத்தில் கடந்துபோக, வழக்கம்போல் சாம்பல் தூசி எழும்பியது. நான் சம்படத்தை முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அணைத்த அழுத்தத்தில் நூல் நழுவியது. மூடி ஒரு பக்கம் தூக்கியது.

அவர் அதைப் பார்த்தார். சட்டென்று என் கையிலிருந்து சம்படத்தை வாங்கி, மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இழுத்தார். துவைத்துப் போட்ட வெள்ளைத் துண்டு. அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளவாக்கில் சர்ரென்று கிழித்தார். பக்கத்தில் நின்ற அம்மாள், "நல்ல துண்டுங்க!" என்று பதறினாள். ரயில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் நிதானமாக அந்தத் துணிவாரைச் சம்படத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முடிச்சு.

"பருத்திதான். ஆவுமா?" என்றார்.

"ஆவும்ங்க" என்றேன். ரயிலில் ஏறியபிறகு ஜன்னல் வழியே பார்த்தேன். ஓரம் கிழிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த சம்படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், என்னை இல்லை.

மறுநாள் சென்னையில் கருவி சார் அந்த முடிச்சை அவிழ்க்கத் தடுமாறினார். கத்தரிக்கோல் எடுத்தார், நான் வேண்டாம் என்று வாங்கி நகத்தாலும் பல்லாலும் நெம்பி அவிழ்த்தேன். உள்ளே தூசி இல்லை. கொலுசு பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்த சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கேட்கவில்லை. முனையை மாட்டினார். லேசர் பாய்ந்தது. திரையில் முதல் வரி விழுந்தபோதே, "முனை களைப்பில்லாம வந்துருக்கு மேடம்" என்றார். அப்போதுதான் அவர் முதலில் சொன்னதும் நக்கல் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

வரி வரியாகப் படம் இறங்கியது. நீலத் திட்டுகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. கால்வாசி தாண்டியது. நான் சாப்பிடப் போகவில்லை. பாதி தாண்டியது. என் வாழ்க்கையில் பார்க்காத கீழ்ப்பாதியை அன்றுதான் பார்த்தேன். மேல்பாதியில் இருந்த அதே சாயத் திட்டுகள்தான், ஆனாலும் புது ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. முக்கால்வாசிக்கு மேல் கொஞ்சம் மங்கியது. நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மங்கியது மங்கியபடியே நின்றது, அணையவில்லை. ஜன்னலில் வெயில் சாயும்போது கடைசி வரி விழுந்தது. சார் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

வராந்தாவுக்கு வந்து என் கணவரின் செல்லுக்குப் போன் போட்டேன். ஆலைச் சத்தத்துக்கு நடுவில் "ம்" என்றார்.

"படம் முழுசா வந்துருச்சுங்க."

"கட்டு நின்னுச்சா?" என்றார்.

"அவுக்கவே முடியலங்க."

சிரித்தார். நிஜமாகவே சத்தம் போட்டுச் சிரித்தார். வாஷர் தெறித்துவிட்டது என்று நாத்தனாரிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன். "அந்தத் துணிய அங்க போட்டுறாத" என்றார். "எடுத்தாந்துரு."

திரும்பும்போது சம்படத்தில் கொலுசும் உழைத்துக் களைத்த அந்த ஒரு முனையும்தான் இருந்தன. துணிவாரை எனக்குத் தெரிந்தமட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். அரியலூரில் இறங்கினேன். அவர் வந்திருந்தார். துண்டு அதே துண்டு. என் பையை வாங்குவதற்கு முன்னால் சம்படத்தை வாங்கினார். என் முடிச்சைப் பார்த்தார். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அதை அவிழ்த்து, மூடியை அழுத்தி, வாரை இழுத்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

"இனிமே எதுக்குங்க? வேலைதான் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.